லாரி சொல்லும் ஜோசியம்

பால் பொங்கப் போகிறது என்பது உங்களுக்கு எப்படித் தெரிகிறது? யாரும் வந்து சொல்வதில்லை. கூடத்தில் உட்கார்ந்து குழந்தைக்குத் தலை வாரிக் கொண்டிருப்பீர்கள். அடுப்பங்கரையிலிருந்து வரும் சத்தம் கொஞ்சம் மாறும். சீப்பைப் போட்டுவிட்டு ஓடுவீர்கள். நுரை விளிம்பைத் தொடுவதற்குள் உங்கள் கை அடுப்பை அணைத்துவிடும். வீட்டில் மற்றவர்களுக்கெல்லாம் பால் வழிந்து, தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

தேசத்தின் பொருளாதாரம் என்று பெரியவர்கள் பேசுகிறார்களே, அதற்கும் இப்படி ஒரு சத்தம் உண்டு. பத்திரிகையின் வியாபாரப் பக்கத்தில், ஒரு மூலையில், நாலே வரியில் அது வரும். "கனரக லாரி விற்பனை சரிவு" என்று தலைப்புப் போட்டிருக்கும். உங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்தாலும், "நாமா லாரி வாங்கப் போகிறோம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். நீங்கள் அப்படிப் புரட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த வாரம் உங்களிடம் வந்திருக்கிறேன்.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் பொருளாதாரப் பேராசிரியர் அல்ல. வேலூரில் ஒரு லாரிக்காரர் வீட்டு அம்மாள்.

ஆம்பூருக்கு வேறு வேலையாகப் போய்விட்டுத் திரும்பும் வழியில், தெரிந்தவர் ஒருவர் அவர்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார். இரண்டு லாரி வைத்துப் பிழைக்கும் குடும்பம். வண்டியை ஓட்டுவதும் ஓட்ட ஆள் வைப்பதும் அவர் பொறுப்பு. கணக்கு எழுதுவது இந்த அம்மாளின் பொறுப்பு. எட்டாவது வரை படித்தவர். சுவாமி அலமாரிக்குக் கீழே வருஷத்துக்கு ஒன்றாக நோட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

"2019ஆம் வருஷ நோட்டைப் பாருங்க," என்று ஒன்றை எடுத்து நீட்டினார். "அப்போ இவரு மூணாவது வண்டி வாங்கணும்னு ஒத்தைக் காலில் நின்னாரு. டீலரும் வீடு தேடி வந்து, தள்ளுபடி தர்றேன், இப்பவே எடுத்துக்குங்கன்னாரு. என் நகையை வெச்சுத்தான் முன்பணம் கட்டணும். நான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 2018 தையில மாசம் பத்து நடை போன வண்டி, 2019 ஆடியில ஏழு நடைதான் போயிருக்கு. ஈரோட்டுக்குப் போனா திரும்பி வர லோடு கிடைக்காம ரெண்டு நாள் அங்கேயே கிடக்குது. நடை குறைஞ்சா டியூ குறையுமா? நகை பீரோவிலேயே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஆற்றிக் கொண்டிருந்தார். "ஒரு மாசம் எங்கிட்ட சரியாப் பேசலை," என்று அம்மாள் அவரைக் காட்டிச் சிரித்தார். அவரும் சிரித்தார்.

நேயர்களே, அந்த வருஷம் பத்திரிகைகளில் வந்த செய்தியையும் இந்த நோட்டுப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2018-19ஆம் நிதி ஆண்டில் இந்தியாவில் நடுத்தர, கனரக வண்டிகள் ஏறக்குறைய 3,90,000 விற்றன. அதற்கு முன் எந்த வருஷமும் அவ்வளவு விற்றதில்லை. அடுத்த வருஷம், 2019-20ல், அது சுமார் 2,25,000 ஆகச் சுருங்கியது. ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது. 2019 செப்டம்பரில் சென்னை எண்ணூரிலுள்ள அசோக் லேலண்ட் ஆலைக்கு 16 நாள் வேலையில்லா நாள் அறிவித்தார்கள். ஓசூரில் 5 நாள். 1948ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து, 1955லிருந்து அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்ற கம்பெனி அது. அங்கே இயந்திரங்கள் அத்தனை நாள் ஓய்ந்ததற்குக் காரணம் என்ன? தேசம் முழுவதும், பல்லாயிரம் வீடுகளில், நகையைப் பீரோவிலேயே வைத்துப் பூட்டியதுதான்!

லாரி ஆர்டர் என்பதன் ரகசியம் இதுதான். நாம் அரிசி வாங்குவது இன்றைய பசிக்கு. லாரி வாங்குவது இன்றைய லோடுக்காக அல்ல. நாலைந்து வருஷம் மாதாமாதம் டியூ கட்ட வேண்டும். அத்தனை காலமும் லோடு வரும் என்ற நம்பிக்கை வேண்டும். நம் தேசத்தில் லாரி முதலாளிகள் என்றால் பெரும்பாலோர் ஒன்றோ இரண்டோ ஐந்தோ வண்டி வைத்திருப்பவர்கள். அவர்களுக்குப் பொருளாதார ஆலோசகர் கிடையாது. மண்டியில் என்ன பேசுகிறார்கள், புக்கிங் ஆபீஸில் எத்தனை வண்டி வரிசையில் நிற்கிறது, வாடகை ஏறுகிறதா இறங்குகிறதா, இவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவுகளையெல்லாம் கூட்டிப் போட்டால், வருகிற நாட்களைப் பற்றித் தேசம் என்ன நினைக்கிறது என்பது வந்துவிடுகிறது.

ஆம்பூர்ப் பக்கத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். காரணம், அங்கே செய்யும் பொருள் அப்படி. உங்கள் பிள்ளையின் காலில் இருக்கும் தோல் ஷூவை ஒரு நிமிஷம் கையில் எடுத்துப் பாருங்கள். உப்பிட்ட பச்சைத் தோலாக ஈரோட்டிலிருந்தோ, வடக்கே கான்பூர், கல்கத்தாப் பக்கத்திலிருந்தோ அது முதலில் ஒரு லாரியில் வந்திருக்கும். பேரணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ தோல் ஷாப்பில் இறங்கியிருக்கும். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது. அந்த ரசாயன டிரம்கள் வந்தது ஒரு லாரி. பதனிட்ட தோல் ஷூ கம்பெனிக்குப் போனது ஒரு லாரி. அடிப்பாகம், பசை, லைனிங் துணி, அட்டைப் பெட்டி எல்லாம் வந்தது இன்னும் இரண்டு மூன்று லாரி. கடைசியில் பெட்டியில் உட்கார்ந்து சென்னைத் துறைமுகத்துக்குப் போனது வேறொரு லாரி. கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே அந்த ஷூ நம்மைவிட அதிகமாக ஊர் சுற்றிவிட்டது!

1970களில் சர்க்கார், அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தியது. தோலாக விற்காமல் பொருளாகச் செய்து விற்றால் கூலியும் லாபமும் இங்கேயே தங்கும் என்பது எண்ணம். அதன் பிறகு ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகள் பெருகின. அவற்றில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து விடிகாலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி வருகிறவர்கள். 2019 நவம்பரில் பழைய வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிந்து, பேரணாம்பட்டு வேலூரிலும் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரிலும் ராணிப்பேட்டை தனி ஜில்லாவாகவும் ஆகிவிட்டன. ஆனால் பாலாற்றின் ஓரமாகப் போகும் அந்தச் சென்னை-பெங்களூர் ரஸ்தா எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது. லோடு குறைந்தால் அந்த ரஸ்தாவில் முதலில் தெரிந்துவிடும்.

"சரி, லோடு கொஞ்சம் குறைந்தால் லாரி விற்பனையும் கொஞ்சம்தானே குறைய வேண்டும்? ஏன் பாதியாக விழுகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம், பென்சில்கூட வேண்டாம்.

ஓர் ஊரில் 100 லாரி இருக்கிறது. ஒவ்வொன்றும் பத்து வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் வருஷம் 10 பழைய லாரி கழியும். அதற்குப் பதில் 10 புது லாரி வாங்க வேண்டும். இந்த வருஷம் சரக்கு பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. இப்போது 110 லாரி தேவை. ஆகவே ஊரார் 20 வாங்குகிறார்கள். லாரி கம்பெனியில் கொண்டாட்டம்! அடுத்த வருஷம் சரக்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அதே அளவு. ஆனால் லாரி எத்தனை வாங்குவார்கள்? கழிந்த பத்துக்குப் பத்துதான். ஊரில் ஒருவருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் லாரி கம்பெனிக்கு வியாபாரம் பாதி! அதற்கடுத்த வருஷம் சரக்கு பத்தில் ஒரு பங்கு நிஜமாகவே குறைகிறது. பழசு 10 கழிந்தபின் மீதியுள்ள 100 லாரியே போதும். புது லாரி எத்தனை வாங்குவார்கள்? ஒன்றுகூட இல்லை.

வீட்டில் நடப்பதுதான் இது. சாப்பாட்டுக்கு இரண்டு பேர் குறைந்தால் அரிசி இரண்டு பிடி குறையும். ஆனால் பெரிய குக்கர் வாங்குகிற யோசனை அடியோடு நின்றுபோகும். குக்கர்க் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார். அவருடைய கவலையைப் பார்த்து உங்கள் வீட்டில் பட்டினி என்று முடிவு செய்தால் தப்பு; ஆனால் உங்கள் வீட்டில் ஏதோ மாறியிருக்கிறது என்று முடிவு செய்தால் சரி. லாரி ஆர்டர் இப்படித்தான் சின்ன மாறுதலைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

அந்தக் கவலை லாரி கம்பெனியோடு நிற்பதும் இல்லை. ராணிப்பேட்டை ஜில்லாவில் சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை இருக்கிறது. இப்படி உதிரிப் பாகம் செய்யும் ஆலைகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கத்தில் லாரிக்குப் பாடி கட்டுவது பெரிய தொழில். கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக வரும் வண்டிக்கு அங்கேதான் உடம்பு கிடைக்கிறது. தச்சர், வெல்டர், பெயிண்டர், தார்ப்பாய் தைக்கிறவர், பின்பக்கத்தில் பூவும் கிளியும் எழுதுகிறவர் எல்லோருக்கும் அதில் பிழைப்பு. வேலூரில் ஓர் அம்மாள் நகையைத் தர மறுத்தால் நாமக்கல்லில் ஒரு பெயிண்டருக்குக் கிளி எழுதும் வேலை போகிறது. உலகம் அவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கிறது.

அப்படியானால் லாரி விற்பனை விழுந்தாலே தேசத்துக்குக் கெட்ட காலம் என்று எடுத்துக்கொள்ளலாமா? அவசரப்படாதீர்கள். ஜோசியர் சொல்வதில் பாதி பலிக்கும், பாதி பலிக்காது. இந்த ஜோசியத்திலும் அந்த ஆபத்து உண்டு.

பலித்த கதை ஒன்று. 2011-12ல் சுமார் 3,49,000 விற்ற நடுத்தர, கனரக வண்டிகள் இரண்டே வருஷத்தில், 2013-14ல், சுமார் 2,00,000க்கு இறங்கின. அந்தச் சமயத்தில் தேசத்தின் வளர்ச்சியும் மந்தமாகத்தான் இருந்தது. கர்நாடகத்திலும் கோவாவிலும் சுரங்க வேலை நின்றுபோய், இரும்புத் தாது ஏற்றிய வண்டிகள் சும்மா நின்றன.

2019 கதை கொஞ்சம் சிக்கலானது. அதில் நிஜமான கஷ்டமும் இருந்தது, கஷ்டமே இல்லாத காரணமும் இருந்தது. முதலில் கஷ்டத்தைச் சொல்கிறேன். 2018 செப்டம்பரில் ஐ.எல்.எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் தடுமாறியது. அதைப் பார்த்து, கடன் கொடுக்கும் மற்றக் கம்பெனிகளெல்லாம் கையை இறுக மூடிக்கொண்டன. லாரிக்குக் கடன் கிடைப்பது கடினமாயிற்று. தேசத்தின் வளர்ச்சி விகிதமும் 2018-19ல் சுமார் 6½ சதவிகிதமாக இருந்தது, 2019-20ல் சுமார் 4 சதவிகிதத்துக்கு வந்துவிட்டது.

கஷ்டமில்லாத காரணம் என்ன? 2018 ஜூலையில் சர்க்கார் லாரிகளின் அச்சுப் பளு விதியைத் தளர்த்தியது. பத்துச் சக்கர லாரி சரக்கோடு சேர்த்து 25 டன் வரை இருக்கலாம் என்றிருந்ததை 28½ டன் ஆக்கியது. பெரிய டிரெய்லர் வண்டிக்கு 49 டன் என்ற உச்ச வரம்பு 55 டன் ஆயிற்று. ஏறக்குறைய ஆறு லாரி சுமந்ததை ஐந்து லாரி சுமந்துவிடலாம். ஆறாவது லாரியை யார் வாங்குவார்கள்? அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2017 ஜூலையில், ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லைகளில் வரிச் சோதனைச் சாவடிகளில் காத்துக் கிடப்பது நின்றது. வண்டி சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்பினால், இருக்கிற வண்டியே போதும். சின்னப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஈடு இட்லி எடுப்பதைப் போல! இதில் தேசத்துக்கு நஷ்டம் இல்லை, லாபம்தான். ஆனால் லாரி விற்பனைக் கணக்கில் அதுவும் சரிவாகவே விழுந்தது.

அமெரிக்காவிலும் இதே ஜோசியத்தை வெகு சிரத்தையாகப் பார்க்கிறார்கள். அங்கே மிகப் பெரிய லாரிகளுக்கு 'எட்டாம் வகுப்பு' என்று பெயர். பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறதா? எடையை வைத்து வகுத்த வகுப்பு அது. 33,000 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 15 டன்னுக்கு மேல், எடை தாங்கும் வண்டிகள். மாதாமாதம் இத்தனை எட்டாம் வகுப்பு லாரிக்கு ஆர்டர் வந்தது என்று கணக்கு வெளியாகும். 2018ல் அந்த ஆர்டர் ஏறக்குறைய 4,90,000. 2019ல் இரண்டு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. "வந்துவிட்டது மந்தம்!" என்று பலர் பயந்தார்கள். லாரி ஆலைகளில் ஆட்குறைப்பும் நடந்தது. ஆனாலும் அந்த வருஷம் அமெரிக்கப் பொருளாதாரம் மொத்தத்தில் 2 சதவிகிதத்துக்கு மேல் வளர்ந்தது. முந்தின வருஷம் ஆசைப்பட்டு அளவுக்கு மீறி ஆர்டர் கொடுத்திருந்தார்கள். அடுத்த வருஷம் அந்த அஜீரணம் தீர உபவாசம் இருந்தார்கள், அவ்வளவுதான். 2020ல் வந்த பெரிய இடி கொரோனாவால் வந்தது. அதை எந்த லாரிக்காரரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. நம் தேசத்திலும் 2020-21ல் இந்த வண்டிகளின் விற்பனை சுமார் 1,60,000க்கு விழுந்து, பிறகு மெல்ல எழுந்தது. 2023-24ல் சுமார் 3,73,000 வந்தபோதும், 2018-19ன் உச்சத்தைத் தொடவில்லை.

வரியும் கணக்கைக் குழப்பும். 2025 ஆகஸ்ட் 15ந் தேதி, ஜி.எஸ்.டி.யைக் குறைக்கப் போவதாகப் பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 22 முதல் லாரிக்கு 28 சதவிகிதம் 18 ஆயிற்று, ஏ.ஸி.க்கும் பெரிய டெலிவிஷனுக்கும் அப்படியே. நடுவிலிருந்த ஐந்து வாரம் நீங்கள் என்ன செய்தீர்கள்? "கொஞ்சம் பொறுங்கள், விலை இறங்கட்டும்" என்று வீட்டுக்காரரைத் தடுத்து நிறுத்தியிருப்பீர்கள். லாரிக்காரர் வீட்டிலும் அதே பேச்சுத்தான் நடந்திருக்கும். அந்த மாதிரி மாதத்தில் விற்பனை குறைந்தது என்றால் அது ஆடித் தள்ளுபடிக்காகக் காத்திருக்கும் புடவை மாதிரி.

ஆனால் அதே 2025 ஆகஸ்டில் ஆம்பூருக்கு வேறொரு செய்தியும் வந்தது. அது தள்ளுபடிச் செய்தி அல்ல. இந்தியாவிலிருந்து போகும் பல பொருள்களுக்கு அமெரிக்கா ஆகஸ்ட் 27 முதல் 50 சதவிகிதம் வரி விதித்தது. தோல் பொருள்களும் ஷூவும் அதில் அடக்கம். அமெரிக்கக் கடைக்காரர் ஆர்டரை யோசித்துக் கொடுத்தால், ஆம்பூரில் யாருக்கு அது முதலில் தெரியும்?

இந்தக் கேள்வியைத்தான் நான் ஆம்பூரில் ஒரு பெண்ணிடம் கேட்டேன். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிறவர்.

"எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க," என்றார். "முதல்ல ஓ.டி. நிக்கும். ஞாயித்துக்கிழமை வேலை நிக்கும். அப்புறம் பஸ்ஸு ரெண்டுக்கு ஒண்ணா வரும். அப்பவும், 'இது சும்மா, அடுத்த மாசம் சரியாயிடும்'னு சொல்லுவாங்க. நானும் அதை நம்பி, ஓ.டி. பணத்தை நம்பி, வண்டிக்கு டியூ போட்டுட்டேன். டியூ போட்ட ரெண்டாவது மாசம் ஓ.டி. நின்னுது."

மொபெட் வாங்கியிருக்கிறார், மகளைக் கல்லூரி பஸ் வரும் இடம் வரைக்கும் கொண்டு விட. வாங்கியது தப்பா? தப்பு என்று எந்த வாயால் சொல்வது? சமயம்தான் தப்பாகப் போய்விட்டது.

நேயர்களே, இந்த இடத்தில்தான் எனக்கு மனசு தாங்கவில்லை. வரிசையைப் பாருங்கள். வெளிநாட்டுக் கடைக்காரர் ஆர்டரைக் குறைக்கும்போதே கம்பெனி ஆபீஸில் தெரிகிறது. தோல் வாங்குவதைக் கம்பெனி குறைக்கும்போது மண்டியில் தெரிகிறது. மண்டியில் லோடு குறைந்ததும் லாரிக்காரருக்குத் தெரிகிறது. அவர் வீட்டு நோட்டில் நடை குறைகிறது. புது வண்டி யோசனை பீரோவுக்குள் போகிறது. அது கூடிக் கூடிப் பத்திரிகையின் மூலையில் நாலு வரியாக வருகிறது. அதற்கும் பிறகுதான் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தெரிகிறது. ஷூவைத் தைத்தவர் அவர். அதிகம் இழக்கப் போகிறவரும் அவர். கடைசியில் தெரிந்துகொள்கிறவரும் அவர்தான்!

அந்த நாலு வரியைப் படிக்கத் தெரிந்தால், கடைசி இடத்திலிருந்து இரண்டு படி முன்னால் வந்து நிற்கலாம். இது ஆம்பூர்ப் பெண்ணுக்கு மட்டும் சொல்வதல்ல. மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்தும் உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான். எப்படிப் படிப்பது என்று அந்த வேலூர் அம்மாளின் முறையையே சொல்கிறேன்.

ஒரு மாதக் கணக்கைப் பார்த்துப் பயப்படக் கூடாது. மார்ச்சில் வருஷக் கடைசி என்பதால் லாரி நிறைய விற்கும். மழைக் காலத்தில் குறையும். சென்ற மாதத்தோடு ஒப்பிடாமல் சென்ற வருஷத்து இதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் குறைந்தால் காது கொடுக்க வேண்டும். கம்பெனி டீலருக்கு அனுப்பிய வண்டி வேறு, ஜனங்கள் வாங்கிப் பதிவு செய்த வண்டி வேறு. டீலர் வீட்டு வாசலில் புது வண்டி வெயிலில் காய்ந்து கொண்டிருந்தாலும் கம்பெனிக் கணக்கில் அது விற்றதுதான்.

விதியோ வரியோ அப்போது மாறியதா என்று கேட்க வேண்டும். மாறியிருந்தால் பாதி விளக்கம் அதிலேயே கிடைத்துவிடும்.

பிறகு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டும். பைபாஸில் காலி லாரிகள் வரிசையாக நிற்கின்றனவா? போகும்போது லோடு, வரும்போது காலி என்கிறார்களா? டியூ கட்டாமல் பிடித்து வந்த வண்டிகள் பைனான்ஸ்காரர் மைதானத்தில் சேருகின்றனவா? உங்கள் வீட்டுக்காரர் ஆபீஸில், மகன் கம்பெனியில், மருமகள் வேலை செய்யும் இடத்தில் ஓ.டி. நின்றதா, காலியான இடத்துக்கு ஆள் போடாமல் இருக்கிறார்களா? லாரி ஒரு பக்கமும் இவை ஒரு பக்கமும் ஒரே சேதியைச் சொன்னால், பால் பொங்குகிற சத்தம் அதுதான்.

அப்போது என்ன செய்வது? தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டாம். புதிதாக ஒரு டியூ சேர்க்காமல் ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். நகையை வைத்து எதையும் ஆரம்பிக்காதீர்கள். நல்ல காலத்திலேயே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: ஓ.டி.யும் போனஸும் சம்பளம் அல்ல, அவை விருந்தாளி. விருந்தாளி தினமும் வருவார் என்று உலை வைக்கலாமா? இருக்கிற டியூவில் மூன்று மாதத்துக்கான பணம் தனியாக ஒரு கணக்கில் கிடந்தால், ராத்திரி தூக்கம் வரும். ஆம்பூர்ப் பெண் இப்போது அப்படித்தான் சேர்க்கிறாராம். "பூவைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டேன்," என்று முழம் போட்டு வாங்கிய பூவைக் காட்டினார். அது ஒரு முழம்கூட இல்லை.

பயத்தை மட்டும் சொல்லி முடிக்க எனக்கு இஷ்டமில்லை. லாரி கெட்ட காலத்தை மட்டுமா முன்கூட்டிச் சொல்கிறது? நல்ல காலத்தையும் அதுதான் முதலில் சொல்கிறது. வேலூரில் அந்த வீட்டிலிருந்து கிளம்பியபோது, தெருக்கோடிப் பிள்ளையார் கோவில் வாசலில் ஒரு புது லாரி நின்றது. நாமக்கல்லில் பாடி கட்டி வந்த வண்டி. நெற்றியில் சந்தனம் குங்குமம், கண்ணாடிக்கு மேல் சாமந்தி மாலை, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். குருக்கள் கற்பூரம் காட்டினார். டிரைவர் வண்டியை மெல்ல நகர்த்தினார். பழம் நசுங்கிற்று.

கூட வந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நம்ம வண்டி இல்லைங்க, எதிர் வீட்டுக்காரங்களது," என்றார். பிறகு தணிந்த குரலில், "அவங்க வீட்டிலேயும் அந்த அக்கா நோட்டு எழுதறாங்க. பார்த்துத்தான் வாங்கியிருப்பாங்க," என்று சேர்த்துக்கொண்டார்.